ஏழூரின் முதல் தும்மல்

ஏழூர் நாட்டின் முதல் ஜனாதிபதி எந்தக் காரியத்தை முதன்முதலாகச் செய்தாலும் அது அந்த நாட்டுக்கு வழக்கமாகிவிடும். பின்னால் வருகிற ஜனாதிபதிகள் எல்லோரும் அதை அப்படியே செய்தாக வேண்டும். நாடு புதிது, வழக்கம் என்று கைவசம் ஒன்றும் இல்லை, ஆகவே அவரிடமிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதற்கென்றே முப்பிடாதி என்கிற அதிகாரி ஒரு வெண்கல மணியோடு எந்நேரமும் அவருக்குப் பக்கத்தில் நிற்பாள். அவர் புதிதாக ஒன்றைச் செய்ததும் மணியை ஆட்டி, “வழக்கமாச்சு” என்பாள். அவ்வளவுதான் அவளுக்கு வேலை.

முதல் ஜனாதிபதியின் பெயர் ஆபத்துக்காத்தான். பதவியேற்ற அன்று உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி வாசலில், ஏழு ஊர்க் கூட்டத்துக்கு முன்னால், “ஏழூருக்கு உண்மையாக இருப்பேன்” என்று சத்தியம் செய்து முடித்த கையோடு அவர் தும்மினார். மணி அடித்தது. இனி எவர் ஜனாதிபதியானாலும் சத்தியம் முடிந்ததும் தும்ம வேண்டும் என்று ஆயிற்று. அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அவர் தும்மியது ஒன்றா இரண்டா என்பதில்தான் தகராறு வந்தது.

ஒரு காரியத்துக்குக் கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் ஏழூரில் யாரும் வாசற்படி தாண்ட மாட்டார்கள். உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் போவார்கள். இரட்டைத் தும்மல் என்றால் நல்ல சகுனம், தாராளமாகப் போகலாம். சந்தைக்குக் கருவாடு வாங்கப் போகிறவனே இதையெல்லாம் பார்க்கிறான். ஒரு நாடே கிளம்புகிற நேரத்தில் பார்க்காமல் விட முடியுமா? முப்பிடாதியைக் கேட்டார்கள். தும்மியதற்கு மணி அடித்தேன், எண்ணுவது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டாள்.

ஆபத்துக்காத்தான் இந்தப் பதவியைத் தேடிப் போன ஆள் இல்லை. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கரை ராஜா உப்புக்கும் மீனுக்கும் வரி மேல் வரி போட்டபோது ஏழு ஊர்க்காரர்களும் படகு எடுத்துச் சண்டைக்குப் போனார்கள். அதற்கு அவர்தான் தளபதி. அவர் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். ஆனால் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகாமல் நின்ற ஒரே ஆள் அவர். கடைசியில் அக்கரைக்காரர்களுக்கு அலுத்துப்போய், அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாடு கிடைத்தது. அதைக் கொண்டுவந்து அவர் தலையிலேயே வைத்தார்கள்.

தென்கோடியில் அவருக்கு ஒரு முருங்கைத் தோப்பும், தோப்புக்குள் ஓட்டுவீடும், வீட்டில் மனைவி உலகம்மாளும் இருந்தார்கள். சண்டை நடந்த வருஷங்களில் அவள் தனியாகவே தண்ணீர் பாய்ச்சி, தனியாகவே காய் பறித்து, தனியாகவே தின்றாள். இப்போது அவரைப் பதவிக்கு அழைத்துப்போக ஆள் வந்து நின்றதும் அவள் முகம் சுண்டிவிட்டது.

“நாலே வருசந்தான் உலகு,” என்றார் அவர்.

“சண்டைக்குப் போம்போதும் நாலு நாளுன்னுதான் சொன்னீங்க. போயிட்டு வெரசா வாங்க. இந்த மட்டம் வரலன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்.”

அந்தச் சொல்லைத்தான் அவர் மனதில் முடிந்துகொண்டு போனார். அவருக்கு நாடு, கொடி, சரித்திரம் ஒன்றும் பெரிதாகப் படவில்லை. நாலு வருஷத்தை ஒழுங்காகக் கழித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும், அந்த வீட்டில் மிச்சக் காலத்தை அவளோடு இருக்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

முதல் தகராறு அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதில் வந்தது. கஜானா மந்திரி தளவாய், “ஏழூர் காத்த எழில்மிகு மாட்சிமை தாங்கிய மகாகனம்” என்று கூப்பிட வேண்டும் என்றார். வெளிநாட்டு மந்திரி மாசானம், ராஜாவைத் துரத்தியதே இதற்காகத்தான், கையைத் தட்டிக் கூப்பிட்டால் போதும் என்றார். ஒரு மழைக்காலம் முழுக்க இதையே பேசினார்கள். அதுவரை அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் சாப்பிடக்கூட யாரும் கூப்பிடவில்லை. ஆறிப்போன சோற்றை அவரே போய்த் தேடி எடுத்துத் தின்ன வேண்டியிருந்தது. அதற்கும் மணி அடித்தது.

முடிவில் “அண்ணாச்சி” என்று தீர்மானமாயிற்று. வயது, ஆண், பெண், உறவுமுறை எதுவும் பாராமல் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

அந்த வாரம் உலகம்மாள் ஒரு தூக்குவாளியில் முருங்கைக்கீரைப் பொரியலும் கேப்பைக் களியும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்க வந்தாள். வாசற்காவலன், சட்டப்படி கூப்பிட்டுவிட்டு உள்ளே போகச் சொன்னான். கட்டின புருஷனை எந்தப் பெண்பிள்ளை அண்ணாச்சி என்று கூப்பிடுவாள்? அவள் உள்ளே உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். தூக்குவாளியைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் வரவில்லை. ஆபத்துக்காத்தானுக்கு அந்த இடத்திலேயே காவலனை அறைய வேண்டும் போல இருந்தது. தளவாயையும் மாசானத்தையும் சேர்த்துப் பிடித்து மண்டையோடு மண்டை மோத வேண்டும் போல இருந்தது. ஆனால் முப்பிடாதி மணியோடு நின்றாள். இவர் இன்று கோபப்பட்டால் ஏழூரின் ஜனாதிபதிகள் எல்லோரும் என்றென்றைக்கும் கோபப்பட்டாக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு களியைத் தின்றார்.

இதற்குள் தும்மல் முற்றிவிட்டது. தளவாய் இரட்டைத் தும்மல் கட்சியை ஆரம்பித்தார். நாடு நல்ல சகுனத்தில் பிறந்திருக்கிறது, ஆகவே எதை வேண்டுமானாலும் துணிந்து செய்யலாம், பெரிய கஜானா கட்டலாம், துறைமுகம் வெட்டலாம், வரி போடலாம் என்பது அவர்கள் கொள்கை. மாசானம் ஒற்றைத் தும்மல் கட்சியை ஆரம்பித்தார். நாடு கெட்ட சகுனத்தில் கிளம்பியிருக்கிறது, ஆகவே அது உடனடியாக உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், வேறு எதுவும் செய்யக் கூடாது என்பது இவர்கள் கொள்கை. இரண்டு மந்திரிகளும் ஜனாதிபதிக்கு இரண்டு பக்கமும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் செய்தார்கள்.

ஆளுக்கொரு பத்திரிகை வந்தது. பேசி முடித்த கல்யாணங்கள் நின்றன. ஒற்றைக் கட்சி நாவிதர் இரட்டைக் கட்சித் தலையைப் பாதி சிரைத்துவிட்டு எழுந்து போனார். ஜலதோஷம் பிடித்தவர்கள்பாடுதான் திண்டாட்டம். ஒரு தும்மலோடு நிறுத்துகிறவனுக்கு ஒரு கடையில் சாமான் கிடைக்காது, இரண்டு போடுகிறவனுக்கு இன்னொரு கடையில் கிடைக்காது. நடுவூரில் ஒரு தச்சர் சந்தை நடுவே மூன்று தடவை தும்மிவிட்டார். அன்று சாயங்காலமே உளி, இழைப்புளி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு அக்கரைக்குப் படகேறிவிட்டார்.

தளவாய் கள்ளுக்கு வரி போட்டார். மேலூரில் கள் இறக்குகிறவர்கள் பனைமரங்களில் ஏறிக்கொண்டு, வரியை எடுத்தால்தான் இறங்குவோம் என்றார்கள். ஆபத்துக்காத்தான் படையோடு போய் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதாயிற்று. கழுத்து பிடித்துக்கொண்டது. மேலே இருந்தவர்கள் மரியாதையாக, “வாங்க அண்ணாச்சி,” என்றார்கள், இறங்கவில்லை. அவர்கள் பெண்டாட்டிகள் கயிற்றில் கலயம் கட்டிச் சோறு அனுப்பினார்கள். பிறகு அந்த மரங்களுக்கே வீட்டு இலக்கம் கொடுத்து, வீட்டு வரி வாங்கிக்கொண்டார்கள்.

அக்கரை ராஜாவுக்கும் வடகரை ராஜாவுக்கும் சண்டை வந்தபோது தளவாய் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார், மாசானம் அந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். எந்தப் பக்கம் பார்த்தாலும் அது வழக்கமாகிவிடும். ஆபத்துக்காத்தான் ஒரு வருஷம் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இரட்டைக் கட்சிப் பத்திரிகை அவரைக் கிழட்டு மாடு என்று எழுதியது. ஒற்றைக் கட்சிப் பத்திரிகை, இந்த ஆள் ராஜாவாகப் பார்க்கிறான் என்று எழுதியது. ராஜாவாம். கீரைப் பொரியலுக்கு ஏங்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன் ராஜாவாம். எழுதியவன் கையில் கட்டி முளைக்க!

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மந்திரிகள் இருவரையும் எதிரில் உட்காரவைத்து உண்மையைச் சொன்னார்.

“நல்லா கேட்டுக்கிடுங்க. தும்முனது நான். ஒண்ணு வந்துச்சு, தும்முனேன். ரெண்டாவதும் மூக்கு வரைக்கும் வந்துச்சு. கூட்டமா இருக்கேன்னு அடக்கிட்டேன். இதான் நடந்தது. இதுக்கு மேல இதுல ஒண்ணும் கெடையாது.”

இருவரும் மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள்.

“அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார் தளவாய். “ஆனா நீங்க மேடை மேல இருந்தீங்க. கீழ இருந்து கேட்டது நாங்கதான். ரெண்டு கேட்டுச்சு.”

“ஒண்ணுதான் கேட்டுச்சு,” என்றார் மாசானம். “அதுபோக அண்ணாச்சி எந்தக் கட்சியிலயும் இல்லாதவரு. கட்சியில இல்லாத ஆளுக்குத் தும்மலப் பத்திக் கருத்துச் சொல்ல அதிகாரம் இருக்கான்னு பாக்கணும்.”

அதில் மட்டும் தளவாயும் மாசானமும் ஒத்துப்போனார்கள். ஆபத்துக்காத்தானுக்குக் கண் சிவந்தது. முப்பிடாதி மணியைச் சற்று உயர்த்தினாள். அவர் எழுந்து போய்ச் செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். மறுநாள் ஒற்றைக் கட்சிப் பத்திரிகை, ஜனாதிபதி தண்ணீர் குடித்துவிட்டார், எங்கள் கொள்கை வென்றது என்று எழுதியது.

நாலு வருஷம் முடிகிற சமயம் வந்தது. தளவாய் தனியாக வந்து, நீங்கள் இன்னொரு தடவை இருக்க வேண்டும் என்று காலைப் பிடித்தார். மாசானமும் தனியாக வந்து பிடித்தார். பிறகு இருவரும் சேர்ந்தே வந்து ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். இவர் போனால் அந்த இடத்தில் இவர்களில் ஒருவர் உட்கார வேண்டும், மற்றவர் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டில் எதையும் இரண்டு பேருக்கும் தாங்க முடியாது.

“நீங்க இல்லன்னா ஒருத்தரையொருத்தர் வெட்டிக்கிடுவோம் அண்ணாச்சி.”

“வெட்டிக்கிடுங்க. நான் வீட்டுக்குப் போறேன்.”

போவதற்கு முன் கிட்டங்கி வாசலில் கூட்டம் கூட்டினார். கட்சி கட்டிக்கொண்டு அடித்துக்கொள்கிறீர்களே, கட்சிதான் இந்த நாட்டைத் தின்னப்போகிறது, பக்கத்து வீட்டுக்காரன் தும்மலை எண்ணுவதை விட்டுவிட்டு அவனுக்கு ஒரு மிளகுக் கஷாயம் வைத்துக்கொடுங்கள் என்று, தனக்குத் தெரிந்த மாதிரி, தொண்டை கட்டும்வரை பேசினார். கூட்டம் கைதட்டியது. தளவாய் ஆட்கள், மாசானத்துக்கு நல்லா கொடுத்தார் அண்ணாச்சி என்று தட்டினார்கள். மாசானம் ஆட்கள், தளவாயின் மூக்கை உடைத்தார் என்று தட்டினார்கள். தட்டி முடிந்ததும், யார் முதலில் தட்டியது என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டார்கள். செருப்புகள் பறந்தன.

நாலு வருஷமாக அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது.

“நாசமாப் போற பயலுவளா!” என்று கத்தினார் ஆபத்துக்காத்தான். “ஒங்களுக்காடே நான் தோத்துத் தோத்து நின்னேன்? ஒங்களுக்காடே எம்பொண்டாட்டி வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போனா? அவ வச்சிட்டுப் போன வாளிக்குப் பெறுவீங்களாடே நீங்க?”

மணி அடித்தது. அவர் பாய்ந்து முப்பிடாதியின் கையிலிருந்து மணியைப் பிடுங்கிக் கழிமுகத்தில் வீசி எறிந்தார். அது தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்கும்வரை முப்பிடாதி காத்திருந்தாள்.

“வழக்கமாச்சு,” என்று வாயால் சொன்னாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெற்கே நடந்தார். முப்பிடாதி பின்னாலேயே வந்தாள். உப்பளத்து வரப்பில் திரும்பி, “இன்னும் என்னத்துக்கு வார? அதான் முடிஞ்சிதே!” என்று சீறினார்.

“ஏழூர் ஜனாதிபதி பதவி முடிஞ்சி வீட்டுக்குப் போறது இதானே மொதத் தடவ அண்ணாச்சி. பாத்துட்டுப் போயிருதேன்.”

வழியெல்லாம் வைதுகொண்டே நடந்தார். தோப்பு வந்தது. முருங்கை வெள்ளையாகப் பூத்து உதிர்ந்து கிடந்தது. வேலிப் படலைக் காலால் எத்தித் திறந்தார். “உலகு, கஞ்சி இருக்கா?” என்று குரல் கொடுத்துக்கொண்டே போய்க் கட்டிலில் விழுந்தார்.

முப்பிடாதி படலுக்கு வெளியே நின்று, “வழக்கமாச்சு,” என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனாள்.

உலகம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “வாங்க. இப்பத்தான் வழி தெரிஞ்சிதாக்கும்,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கும்பாவில் கஞ்சியும், சுட்ட கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். அவர் மூன்று கும்பா குடித்தார். யாரும் மணி அடிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு அழுகை வந்தது, அழுதார், அதற்கும் யாரும் அடிக்கவில்லை. அடுத்த நாலு வருஷம் அவருடைய ஆயுசிலேயே நல்ல வருஷங்கள்.

பிறகு ஒரு பகலில் யாரோ படலைக் காலால் எத்தினார்கள். “உலகு, கஞ்சி இருக்கா?” என்று குரல் கேட்டது. இரண்டாவது ஜனாதிபதியாக இருந்து முடித்த தளவாய் துண்டும் கையுமாக உள்ளே வந்து, கட்டிலில் ஆபத்துக்காத்தானுக்குப் பக்கத்தில் விழுந்தார்.

ஆபத்துக்காத்தான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “ஏலே, ஒனக்கு வீடு இல்லையால? பொண்டாட்டி இல்லையால?”

“இருக்கு அண்ணாச்சி. மேலூர்ல மச்சு வீடு. அவளும் இருக்கா.” தளவாய் குலுங்கிக் குலுங்கி அழுதார். “ஆனா ஜனாதிபதி போறது இந்த வீட்டுக்குத்தானே. வழக்கம் அப்படித்தானே இருக்கு.”

ஆபத்துக்காத்தான் அவரை அடிக்கக் கை ஓங்கினார். உலகம்மாள் கும்பாவோடு நடுவில் வந்துவிட்டாள். “சாப்புடுத ஆள அடிக்காதீங்க,” என்றாள். தளவாய்க்கும் மூன்று கும்பா ஆயிற்று.

அதற்கடுத்த நாலு வருஷம் முடிந்ததும் மாசானம் வந்தார். படலை எத்தத் தெரியாமல் கால் பெருவிரலைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள் உலகம்மாள். மூன்று பேரும் ஒரே கட்டிலில், ஆபத்துக்காத்தான் நடுவில், மற்ற இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார்கள். முருங்கைக்குத் தண்ணீர் பாய்ச்ச எவரும் எழுந்திருக்கவில்லை. அதை அவள் தனியாகவே பாய்ச்சினாள். ஆபத்துக்காத்தான் கோபத்தில் தூங்குவதில்லை. தூங்காமல் கிடந்து, இந்த இருவரையும் எப்படித் துரத்துவது, அவளோடு தனியாக ஒரு வேளை கஞ்சி குடிப்பது எப்படி என்றே யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் முப்பிடாதி புது மணியோடு வந்தாள். ஏழு ஊர்க்காரர்களும் பின்னால் வந்திருந்தார்கள். நாலாவது ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தாயிற்று என்றாள். இந்த வீட்டில் இத்தனை ஜனாதிபதிகள் இருந்தும் மூன்று வேளையும் சோறு நேரத்துக்கு நடக்கிறது, யாரும் யாரையும் வெட்டிக்கொள்ளவில்லை, ஆகவே இதை நடத்துகிறவரையே நாட்டையும் நடத்தச் சொல்வது என்று இரண்டு கட்சியும் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தன.

உலகம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். கட்டிலைப் பார்த்தாள். மூன்று பேரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“நாலு வருசமா?” என்று முப்பிடாதியிடம் கேட்டாள்.

“ஆமா.”

“சரி, போவோம்,” என்றாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

“உலகு!” என்று கத்தினார் ஆபத்துக்காத்தான். நாட்டின் மேல், ஏழு ஊர்களின் மேல், அந்த மணியின் மேல் அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“அடுப்புல ஒல கொதிக்கி,” என்றாள் அவள். “அரிசியக் களஞ்சி போடுங்க.” படலைக் கையால் திறந்துகொண்டு போனாள்.

மூன்று பேரும் அடுக்களைக்குள் போனார்கள். அரிசியை இரண்டு தடவை களைய வேண்டும் என்றார் தளவாய். ஒரு தடவைக்கு மேல் களைந்தால் சத்துப் போய்விடும் என்றார் மாசானம். ஒருவர் அரிசி புடைக்கிற சுளகை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும், மற்றவர் அரிசிப்பானையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். வெளியே முருங்கை மரங்கள் ஒவ்வொன்றாக வேரைப் பிடுங்கிக்கொண்டு, தங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சியவள் போன திசையில் வரப்போடு வரிசையாக நடக்க ஆரம்பித்திருந்தன. ஆபத்துக்காத்தான் இருவருக்கும் நடுவில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, அவர்களை ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார்.